கால் ரத்தக் குழாய் அடைப்பும் ஸ்டென்ட் வைத்தியமும்

(கரையான்சாவடி பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இங்கு நம்மைப் பேச அழைத்த தோழர்கள், வழக்கம்போல் ஏதாவதொரு சீர்திருத்த விஷயத்தைப் பற்றித்தான் பேசச் சொல்லுவார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தோம். வந்த பிறகு அவர்கள் சொன்னதாவது: "எங்கள் பக்கத்தில் பலருக்குக் காலில் ரத்தக் குழாய் அடைத்துக் கொள்ளுகிறது. சிலருக்குக் காலையே எடுத்து விடுகிறார்கள். சிலருக்கு ஸ்டென்ட் என்று ஒன்றை வைக்கிறார்கள். அதனால் பலன் உண்டா, இல்லையா? இதைப் பற்றி நீங்கள் பேச வேண்டும்" என்றார்கள். நாம் வைத்தியம் படித்தவரல்ல. என்றாலும், வைத்தியர்கள் சோதித்துப் பார்த்து வெளியிட்டிருக்கும் கணக்குகளைப் படித்து, நம் புத்திக்கு எட்டியவரை உங்கள் முன் வைக்க முடியும். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக நீங்கள் எதையும் நம்ப வேண்டியதில்லை. கேட்டு, யோசித்து, சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள். இல்லையானால் தள்ளி விடுங்கள்.

முதலில் இரண்டு தோழர்களைப் பற்றிச் சொல்லுகிறோம். பெயர் வேண்டாம். ஒருவர் மூட்டை தூக்கிப் பிழைத்தவர். இங்கிருந்து குமணன்சாவடிக்கு நடப்பதற்குள் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக் கொள்ளும், நின்றால் சரியாகிவிடும், மறுபடி நடந்தால் மறுபடி பிடிக்கும். "சனி காலைப் பிடித்திருக்கிறது" என்று ஜோசியன் சொன்னான். எள் விளக்கு ஏற்றினார்கள், கயிறு கட்டினார்கள். கட்டைவிரல் கறுத்த பிறகு செய்வினை என்றார்கள். அதற்கும் ஒருவன் பணம் வாங்கிக் கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர்களுக்கு முழங்காலுக்குக் கீழே எடுப்பதைத் தவிர வேறு வழியில்லாமற் போயிற்று.

மற்றவர் உடனே ஆஸ்பத்திரிக்குப் போனவர். தொடையில் ஸ்டென்ட் வைத்தார்கள். வலி போயிற்று. "இனி எனக்கு என்ன குறை?" என்று வீட்டுக்கு வந்து மறுநாளே பீடியைப் பற்ற வைத்தார், மாத்திரையை இரண்டு மாதத்தில் நிறுத்தினார். வருஷம் திரும்புவதற்குள் குழாய் மறுபடி அடைத்துக் கொண்டது.

தோழர்களே! முதலாமவரை மூடநம்பிக்கைக்காரர் என்று நீங்கள் சுலபமாகச் சொல்லி விடுவீர்கள். ஆனால் இரண்டாமவர் யார்? அவரும் ஒரு நம்பிக்கைக்காரர்தான். முன்னவர் கயிற்றை நம்பினார். பின்னவர் கம்பியை நம்பினார். கம்பி உண்மையில் வேலை செய்யும் பொருள், கயிறு செய்யாது. அந்த வித்தியாசம் பெரிய வித்தியாசந்தான். ஆனால் அந்தக் கம்பி என்ன வேலை செய்யும், எவ்வளவு நாள் செய்யும், அது செய்யாத வேலை எது என்று கேட்காமல் நம்பினால், அதுவும் மூடநம்பிக்கையில் போய்த்தான் முடியும். இன்று நாம் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒரே விஷயந்தான்.

வியாதி என்ன என்பதை முதலில் தெரிந்து கொள்ளுவோம். உங்கள் பக்கத்து செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைப் பட்டணத்துக்குப் போகிறது. குழாயின் உட்புறத்தில் அழுக்கு படிந்து துவாரம் குறுகிப் போனால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் வராது. நம் உடம்பில் இருதயத்திலிருந்து புறப்படும் ரத்தத்துக்கு கால்விரல்தான் கடைசி வீடு. குழாயின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து குறுகினால், உட்கார்ந்திருக்கும்போது போதுமான ரத்தம், நடக்கும்போது போதாமற் போகிறது. அதனால்தான் நடந்தால் வலி, நின்றால் நிம்மதி. அடைப்பு முற்றினால் படுத்திருக்கும்போதே வலி; காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் கொஞ்சம் சுகம். அதற்கும் மேலே போனால் ஆறாத புண், பிறகு கறுப்பு, பிறகு அழுகல்.

இதற்குக் காரணம் முன் ஜென்ம பாவம் அல்ல. புகையிலை, நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, ரத்தத்தில் கொழுப்பு, வயது என்பவைதான் காரணம். சனி பிடித்தது என்கிறவர்களை ஒரு கேள்வி கேட்கிறோம். பீடி, சிகரெட் குடிப்பவர்களையும் சர்க்கரை வியாதிக்காரர்களையும் மட்டும் அந்தச் சனி ஏன் தேடித் தேடிப் பிடிக்கிறது? சனி பகவான் பீடிக் கடைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறார் போலும்! இளவயதிலேயே பீடி குடிப்பவர்களின் சிறு ரத்தக் குழாய்களை அடைக்கும் பர்ஜர் வியாதி என்று ஒன்று தனியாக உண்டு. 1908-இல் லியோ பர்ஜர் என்னும் வைத்தியர் விவரித்தது அது. அதற்கு ஸ்டென்ட் அதிகமாக உதவுவதில்லை. புகையிலையை அடியோடு விடுவதுதான் பிரதான வைத்தியம். விடாதவர்கள் விரல் விரலாக இழக்கிறார்கள்.

தெய்வ கடாட்சம் இருந்தால் வராது என்கிறீர்களா? இங்கிலாந்து தேசத்து அரசர் ஆறாம் ஜார்ஜுக்கே இந்தக் கால் அடைப்பு வந்தது. அவருக்காகப் பிரார்த்தனை செய்யாத கோயிலும் சர்ச்சும் உண்டா? ஆனால் அவர் ஓயாமல் சிகரெட் குடித்தவர். காலை எடுக்க வேண்டி வருமோ என்று பயந்து, 1949 மார்ச்சில் இடுப்பில் ஒரு நரம்பை வெட்டி ஆபரேஷன் செய்தார்கள். அன்றைக்கு ராஜாவுக்கே அவ்வளவுதான் செய்ய முடிந்தது. இன்றைக்கு ஒரு சாதாரணக் கூலித் தோழருக்கு அதைவிட மேலான வைத்தியம் கிடைக்கிறது. இது பிரார்த்தனையால் வந்த மாறுதல் அல்ல. மனிதன் யோசித்ததால் வந்த மாறுதல்.

சென்னையிலேயே எடுத்த கணக்கு ஒன்றைச் சொல்லுகிறோம். திருமங்கலத்திலும் தியாகராய நகரிலும் வசித்தவர்களைச் சோதித்து 2000-இல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் நூற்றுக்கு 3.2 பேருக்கு இந்தக் கால் அடைப்பு இருந்தது. நீரிழிவு இல்லாதவர்களில் 2.7 பேர், நீரிழிவு உள்ளவர்களில் 6.3 பேர். அதாவது சர்க்கரை வியாதி இருந்தால் இரண்டு மடங்குக்கு மேல்.

இந்தச் சோதனை ஒன்றும் பெரிய வித்தையல்ல. கையில் ரத்த அழுத்தம் பார்ப்பது போலவே கணுக்காலிலும் பார்த்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுக்கிறார்கள். 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு என்று அர்த்தம். நீண்டநாள் நீரிழிவில் குழாய் கல்லாகிப் போயிருந்தால் இந்த அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். அப்போது கால்விரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். வலியில்லாத, ஊசி குத்தாத சோதனை.

நிற்க, ஸ்டென்ட் எப்படி வந்தது என்று பார்ப்போம். 1964 ஜனவரி 16-ந் தேதி அமெரிக்காவில் போர்ட்லண்ட் என்னும் ஊரில், 82 வயதுக் கிழவி ஒருவருக்குக் கால்விரல்கள் கறுத்துப் போயிருந்தன. காலை எடுக்க வேண்டுமென்றார்கள். "எடுக்க விட மாட்டேன்" என்று அந்த அம்மாள் பிடிவாதமாகச் சொல்லி விட்டார். சார்லஸ் டாட்டர் என்னும் எக்ஸ்ரே டாக்டர், ரத்தக் குழாய்க்குள்ளேயே மெல்லிய குழலைச் செலுத்தி, குறுகிய இடத்தை அகலப்படுத்தினார். குளிர்ந்து கிடந்த கால் சூடு பிடித்தது. அந்த அம்மாள் இறக்கும் வரையில் சொந்தக் காலிலேயே நடந்தார். மற்ற டாக்டர்கள் டாட்டரைப் பைத்தியக்காரர் என்று பரிகாசம் செய்தார்கள். ஆனால் 1974-இல் ஜூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்பவர் சிறு பலூனை உள்ளே அனுப்பி ஊதி விரிவாக்கும் முறையைக் கொண்டு வந்தார். பலூன் விரித்த இடம் மறுபடி சுருங்குவதைத் தடுக்க, உள்ளே நிற்கும் கம்பிவலைக் குழாயைச் செய்தார்கள். அதுதான் ஸ்டென்ட். 1991-இல் அமெரிக்க சர்க்கார் இடுப்பு ரத்தக் குழாய்க்கு அதை அனுமதித்தது. பரிகாசம் செய்தவர்கள் ஏன் ஒப்புக் கொண்டார்கள்? டாட்டர் மகான் என்பதற்காக அல்ல. பலன் கண்ணுக்குத் தெரிந்தது, மற்றவர்கள் செய்தபோதும் தெரிந்தது என்பதற்காக.

இனி பலனைப் பற்றிப் பார்ப்போம். "ஸ்டென்ட் வைத்தால் நிற்குமா?" என்று பொதுவாகக் கேட்டால் அதற்குப் பதில் இல்லை. எந்த இடத்தில் என்று கேட்க வேண்டும்.

இடுப்புக் குழாய் அகலமானது, அதிகம் வளையாதது. அங்கே வைத்த ஸ்டென்ட் பெரும்பாலோருக்குப் பல வருஷங்கள் திறந்தே இருக்கிறது. தொடைக் குழாய் அப்படியல்ல. நாம் உட்காரும்போதும் எழுந்திருக்கும்போதும் அது முறுக்கி, நசுங்கி, நீண்டு வேலை செய்கிறது. அங்கே கம்பி உடைவதும் உண்டு; கம்பிக் கண்களின் வழியாகச் சதை வளர்ந்து குழாயை மூடுவதும் உண்டு. 2006-இல் வியன்னா நகரத்து டாக்டர்கள் 104 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு வருஷத்தில் வெறும் பலூன் வைத்தியம் செய்தவர்களில் நூற்றுக்கு 63 பேருக்கு மறுபடி குறுகி விட்டது. ஸ்டென்ட் வைத்தவர்களில் 37 பேருக்குக் குறுகி விட்டது. ஆகவே ஸ்டென்ட் மேல் என்பதும் உண்மை. மூன்றில் ஒருவருக்கு மேல் ஒரு வருஷத்திலேயே குறுகியது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லுவதுதான் யோக்கியமாகும். பிறகு சதை வளர்வதைத் தடுக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது. அதைச் சோதித்ததில் ஐந்து வருஷம் கழித்து நூற்றுக்கு 66 பேருக்குத் திறந்திருந்தது. பழைய முறையில் 43 பேருக்குத்தான் திறந்திருந்தது.

முழங்காலுக்குப் பின்புறம் ஓயாமல் மடங்கும் இடமாதலால் அங்கே ஸ்டென்ட் வைக்க டாக்டர்கள் தயங்குவார்கள். முழங்காலுக்குக் கீழே குழாய்கள் மெல்லியவை. பெரும்பாலும் பலூனால்தான் விரிக்கிறார்கள். நீரிழிவுக்காரர்களுக்கு அடைப்பு அதிகமாக வருவதும் இந்தக் கீழ்ப் பகுதியில்தான். அங்கே மறுபடி குறுகுவது சகஜம். ஆனால் புண் ஆறும் வரைக்கும் குழாய் திறந்திருந்தாலே பல கால்கள் பிழைத்துக் கொள்ளுகின்றன. சில மாதம் திறந்திருந்து, அதற்குள் புண் ஆறி விட்டால் அதுவும் வெற்றிதானே!

அடுத்த கேள்வி, ஸ்டென்ட் எல்லோருக்கும் வேண்டுமா என்பதாகும். இங்கேதான் வியாபாரத்தையும் வைத்தியத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நடந்தால் மட்டும் வலி வருகிறவர்களுக்குக் கால் போகும் அபாயம் குறைவு. ஐந்து வருஷத்தில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்குத்தான் நிலைமை அந்த அளவுக்கு முற்றுகிறது. ஆனால் அதே ஐந்து வருஷத்தில் 10 முதல் 15 பேர் வரை இறந்து போகிறார்கள்; அதில் பெரும்பாலும் மாரடைப்பும் பக்கவாதமுந்தான் காரணம். ஏன்? அடைப்பு காலில் மட்டும் இல்லை; இருதயத்திலும் மூளைக்குப் போகும் குழாயிலும் அதே அழுக்குதான் படிந்திருக்கிறது. ஏரிக் குழாயில் ஓரிடத்தை ஒட்டுப்போட்டால் மற்ற இடத்துத் துரு போய்விடுமா? கால் வலி என்பது உடம்பு முழுவதற்கும் அடிக்கும் எச்சரிக்கை மணியாகும்.

இவர்களுக்கு நடையே ஒரு வைத்தியம். வலி வரும்வரை நடக்க வேண்டும்; வந்தால் நிற்க வேண்டும்; தீர்ந்ததும் மறுபடி நடக்க வேண்டும். இப்படி வாரத்தில் மூன்று நாளாவது, முக்கால் மணி நேரம், மூன்று மாதம். வலிக்கிற காலை வைத்துக்கொண்டு நடக்கச் சொல்லுகிறானே என்று சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் இடுப்புக் குழாய் அடைத்த 111 பேரிடம் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில், மாத்திரையும் புத்திமதியும் மட்டும் பெற்றவர்களுக்கு நடக்கும் நேரம் 1.2 நிமிஷம் கூடியது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 3.7 நிமிஷம் கூடியது. ஒருவர் மேற்பார்வையில் முறையாக நடந்தவர்களுக்கு 5.8 நிமிஷம் கூடியது. ஆனால் தங்கள் அன்றாட வாழ்க்கை சுகமாயிருக்கிறது என்று அதிகமாகச் சொன்னவர்கள் ஸ்டென்ட் வைத்தவர்களே. ஆகவே நடந்தும், மாத்திரை சாப்பிட்டும், புகையை விட்டும், அப்படியும் பிழைப்புக்குப் போக முடியவில்லை என்றால் ஸ்டென்ட் வைத்துக் கொள்ளுவது நியாயந்தான். முதல் நாளே வைத்துக் கொள்ள வேண்டிய அவசரம் இல்லை என்பதுதான் நாம் சொல்லுவது.

ஆனால் படுத்தாலும் வலி, ஆறாத புண், கறுத்த விரல் என்ற நிலை வந்து விட்டால் கதையே வேறு. அந்த நிலையில் ஒரு வருஷத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் கால் போகிறது. நாலில் ஒருவருக்கு உயிரே போகிறது என்று வைத்திய நூல்கள் சொல்லுகின்றன. அங்கே நடைப்பயிற்சியும் உதவாது, நாட்கடத்துவதும் கூடாது. ரத்தத்தைக் கீழே இறக்கியாக வேண்டும். அதற்கு பலூன், ஸ்டென்ட் ஒரு வழி. காலின் சொந்த நரம்பை எடுத்து பைபாஸ் செய்வது மற்றொரு வழி. எது மேல்? 2022-இல் வெளியான சோதனையில், நல்ல நரம்பு உள்ள 1434 பேரில், பைபாஸ் செய்தவர்களுக்குக் கால் இழப்பதும், பெரிய மறு சிகிச்சையும், மரணமும் சேர்ந்து நூற்றுக்கு 43. உள்வழி வைத்தியம் செய்தவர்களுக்கு 57. ஆனால் அடுத்த வருஷமே, முழங்காலுக்குக் கீழே அடைத்த 345 பேரைப் பார்த்த மற்றொரு சோதனையில் எதிர்மாறாக வந்தது: கால் இழந்தோ இறந்தோ போனவர்கள் பைபாஸில் நூற்றுக்கு 63, உள்வழியில் 53.

பார்த்தீர்களா, டாக்டர்களே மாற்றி மாற்றிச் சொல்லுகிறார்கள் என்று சிலர் சிரிக்கலாம். தோழர்களே! மாற்றிச் சொல்லுவதுதான் விஞ்ஞானத்தின் யோக்கியதை. மாறாமல் ஒன்றையே ஆயிரம் வருஷம் சொல்லிக் கொண்டிருப்பதற்குப் பெயர்தான் சாஸ்திரம். 2018-இல், ஸ்டென்டிலும் பலூனிலும் பூசும் ஒரு மருந்தினால் மரணம் அதிகமாகுமோ என்று சந்தேகம் எழுந்தது. மறைத்தார்களா? உலகமெல்லாம் அறிய வெளியிட்டார்கள். அதிகமான ஜனங்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2023-இல் அமெரிக்க சர்க்கார் அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை என்று அறிவித்தது. ஒரு பரிகாரத்துக்காவது இப்படிக் கணக்குப் பார்த்ததுண்டா? எள் விளக்கு ஏற்றிய நூறு பேரில் எத்தனை பேருக்குக் கால் தப்பியது என்று எந்த ஜோசியனாவது எழுதி வைத்திருக்கிறானா?

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வீட்டில் ஆண்பிள்ளைக்குக் கால் வலித்தால் நகையை அடகு வைத்தாவது பார்க்கிறீர்கள். உங்கள் பாதத்தில் புண் வந்தால் மஞ்சளை அப்பிக்கொண்டு அடுப்படியில் நிற்கிறீர்கள். உங்கள் கால் இரவல் கால் அல்ல. நீரிழிவு உள்ளவருக்கு உணர்ச்சி மரத்துப் போவதால் புண் வலிக்காமலே முற்றும். ஆகவே தினமும் பாதத்தை, அடிப்பாகம் தெரியாவிட்டால் கண்ணாடி வைத்தாவது, பாருங்கள். ஆணியைப் பிளேடினால் சீவாதீர்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். மரத்த கால் சூட்டை அறியாது. தீமிதிக்கிறேன், செருப்பில்லாமல் நடந்து வருகிறேன் என்று நீரிழிவுக்காரர் வேண்டிக் கொள்ளுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. காலைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டு அந்தக் காலையே நெருப்பில் வைப்பது எந்த ஊர் நியாயம்?

இனி பணம். 2017-இல் இந்திய சர்க்கார் ஸ்டென்டுக்கு உச்ச விலை நிர்ணயித்ததே என்று சிலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அந்த உத்தரவு இருதய ஸ்டென்டுக்குப் போட்டது. கால் ஸ்டென்டுக்கு அல்ல. ஆகவே தனியார் இடத்தில் விலையை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். சென்னை சென்ட்ரலுக்கு எதிரேயுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தக் குழாய் அறுவை சிகிச்சைக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. 2012-இல் துவங்கிய முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்துப் போய் உங்கள் சிகிச்சை அதில் அடங்குமா என்று கேளுங்கள். கேட்பது பிச்சையல்ல, அது உங்கள் வரிப்பணம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை நான்கு. அடைப்பு எந்த இடத்தில்? இப்போது செய்யாவிட்டால் கால் போகுமா, அல்லது நடைதான் குறையுமா? பைபாஸுக்கு ஏற்ற நரம்பு இருக்கிறதா? மறுபடி அடைத்தால் அடுத்த வழி என்ன? நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக் கொள்ள மாட்டார்.

ஸ்டென்ட் வைத்த பிறகு உங்கள் வேலைதான் துவங்குகிறது. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையையும் கொழுப்பு மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. பல் பிடுங்கப் போகும்போதுகூடக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. புகையிலையைக் குறைப்பது என்ற பேச்சே வேண்டாம், விட்டு விடுவதுதான். சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் அளந்து பார்க்க வேண்டும். நடக்க வேண்டும். திடீரென்று கால் வெளுத்து, குளிர்ந்து, தாங்க முடியாமல் வலித்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்பாவிட்டால் சதை சாகத் துவங்கும்.

ஆகவே, தோழர்களே! ஸ்டென்ட் மோசடியுமல்ல, தெய்வமுமல்ல. மனிதன் செய்த ஒரு கருவி. அடைத்த இடத்தைத் திறக்கும். அடைத்த காரணத்தை மாற்றாது. காரணத்தை மாற்ற வேண்டியவர் நீங்கள். மூட்டை தூக்கிய அந்தத் தோழர் இன்று கட்டைக் கால் வைத்துக்கொண்டு ஒரு சிறு கடை நடத்துகிறார். வாங்க வருகிறவர்கள் நொண்டினால், "கணுக்காலில் அழுத்தம் பார்த்தாயா?" என்று முதலில் கேட்கிறார். பீடி மட்டும் அந்தக் கடையில் விற்பதில்லை. ஜோசியன் அறியாத சாஸ்திரத்தை அவர் ஒரு காலைக் கொடுத்துக் கற்றுக் கொண்டார். நீங்கள் காலைக் கொடுக்காமலே கற்றுக் கொள்ள வேண்டும் என்று கேட்டுக் கொள்ளுகிறோம்.